நடிகர் டெல்லி கணேஷ் பத்தி என்ன வேணா கேளுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல வீடியோ டேப் வாடகைக்கு விட்ட கடையில வேலை செஞ்சவன் நான், அவர் படத்த எத்தன தடவ போட்டுப் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. கேளுங்க.

கேள்வி: அண்ணே, அவரு டெல்லிக்காரரா?

இல்ல தம்பி. 1944ல திருநெல்வேலி பக்கம் வல்லநாட்டுல பொறந்தவரு. 1964லேருந்து 10 வருஷம் இந்திய விமானப்படையில இருந்தாரு, டெல்லியில தட்சிண பாரத நாடக சபாவுல நடிச்சாரு. 1977ல வந்த 'பட்டினப் பிரவேசம்' மூலமா பாலசந்தர் சினிமாவுக்குக் கொண்டாந்தாரு, டெல்லி கணேஷ்னு பேரு வச்சதும் அவர்தான்.

கேள்வி: அங்கிள், மொதல்ல எந்தப் படம் பாக்கலாம்?

மூணு படத்த அடுத்தடுத்துப் பாருமா. 1987 'நாயகன்'ல வேலு நாயக்கர் கூடவே இருக்குற ஐயரு, 1989 'அபூர்வ சகோதரர்கள்'ல வில்லன், 1990 'மைக்கேல் மதன காமராஜன்'ல பாலக்காட்டு சமையக்காரரு மணி ஐயர். நாலு வருஷத்துக்குள்ள மூணு ஆளு, பேச்சு வேற நட வேற. கமல் பேசும்போது கமல பாக்காத, இவர் மூஞ்சிய பாரு, அவர் கேக்குற விதத்துலதான் அந்த வசனம் நமக்கு நெசமாத் தெரியும், துணை நடிகரோட வேலையே அதுதான்.

கேள்வி: சீரியல்ல நடிச்சாரா?

நெறைய நடிச்சாரு கா. கடைசி வரைக்கும் நடிச்சிக்கிட்டே இருந்தாரு, 2024 நவம்பர்ல 80 வயசுல போயிட்டாரு. அன்னிக்கு எனக்கு சாப்பாடு எறங்கல.

கேள்வி: அண்ணே, எம்மவனுக்கு நடிப்புல ஆச. தீபாவளி நாடகத்துல ஹீரோ வேஷம் கெடைக்கலன்னு ஒதுங்கிட்டான், என்னா சொல்றது?

டெல்லி கணேஷுக்கு மொத படம் வரும்போதே முப்பது தாண்டியாச்சுன்னு சொல்லுங்க. 1979ல 'பசி' படத்துல ரிக்ஷா மிதிக்கிற அப்பாவா வந்தாரு, தமிழ்நாடு அரசு சிறப்புப் பரிசு குடுத்துச்சு. எங்கப்பா காலங்காத்தால ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறவரு, சினிமாவ அவ்வளவா மதிக்க மாட்டாரு, அந்தப் படத்த எஸ்டேட் லயத்து வீட்டுல உக்காந்து பாத்துட்டு "இவன் நெசமாவே ரிக்ஷா மிதிச்சவன்டா"ன்னாரு. நடிகருன்னு சொன்னா நம்பவே இல்ல. உங்க மவன திரும்பப் போகச் சொல்லுங்க கா, என்ன வேஷம் குடுத்தாலும் வாங்கிக்கட்டும், தன் வசனத்தோட எதிர்ல நிக்கிறவன் வசனத்தையும் சேத்து மனப்பாடம் பண்ணட்டும், ஒத்திகைக்கு ஒரு நாள் கூட மட்டம் போட வேணாம். டேவான்ல, அதான் மண்டபத்துல, நாடகம் போடுற அன்னிக்கு சொல்லுங்க, நான் முன்னாடி வரிசையில வந்து உக்காறேன்.