பாட்டை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: கோவையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 27. கல்லூரி நாளிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன். தமிழில் நானே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுகிறேன். பதினான்கு பாட்டு கைவசம் இருக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கஃபேயில் பாடுகிறேன். ஒரு இரவுக்கு 2,500 ரூபாயும் சாப்பாடும் தருகிறார்கள். சினிமாப் பாட்டு என்றால் கைதட்டி, செல்போனில் படம் எடுக்கிறார்கள். என் பாட்டைத் தொடங்கினால் பேச்சு சத்தம் கூடிவிடுகிறது. 'சொந்தப் பாட்டு ராத்திரிக்கு ஒண்ணு போதும்மா' என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் ஒரு மியூசிக் கம்பெனி, என் ஆறு பாட்டை அவர்கள் செலவில் ஒலிப்பதிவு செய்து யூடியூபில் வெளியிடுவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. 'எல்லா உரிமையும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டு வாரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிட்டு வேலையையும் விட்டுவிடலாமா? அம்மா, 'சினிமாவுல பாடினாலாவது சொல்லிக்கலாம், ஓட்டல்ல பாடுறான்னு எப்படிச் சொல்றது?' என்கிறார். நான் பாடகியா, ஓட்டலில் பாடுகிறவள் மட்டும்தானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கெடு இரண்டு வாரம் என்பதால் ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குகிறேன். இப்போதிருக்கும் வாசகத்தோடு அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்ப்பை மறுக்கச் சொல்லவில்லை. வாசகத்தை மாற்றச் சொல்கிறேன்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. நீங்கள் எழுதிய வரியும் போட்ட மெட்டும் ஒன்று. அதை ஸ்டூடியோவில் பாடி எடுத்த ஒலிப்பதிவு இன்னொன்று. கம்பெனி பணம் போடுவது ஒலிப்பதிவுக்கு. அதனால் அந்தப் பதிவில் உரிமை கேட்பது நியாயம். ஆனால் வரியும் மெட்டும் அவர்கள் வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்தவை. பதிப்புரிமைச் சட்டப்படி அவற்றின் உரிமை, எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவருக்குப் பிறகு இன்னும் 60 ஆண்டுகளும் நிற்கும். 27 வயதில் 'எல்லாம், நிரந்தரமாக' என்று எழுதிக் கொடுத்தால் எவ்வளவு நீண்ட காலத்தைக் கொடுக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் பாட்டையே வேறொரு மேடைக்காக நீங்கள் மறுபடி பதிவு செய்ய, அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டி வரலாம்.

சட்டம் உங்களைக் கைவிடவில்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில், அதாவது பாட்டு பயன்படும்போது வரும் பணத்தில், தங்களுக்குரிய சமபங்கை, தாங்களே விரும்பினாலும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று அது சொல்கிறது. உங்கள் விஷயத்தில் இரண்டு பேரும் நீங்களே. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான் செல்லும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் ஏன் தவறாமல் இடம்பெறுகின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே அவர்களுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். ஆறு பாட்டின் ஒலிப்பதிவுக்கு மட்டும், ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்கு உரிமம் தருகிறேன், வரியும் மெட்டும் என் பெயரிலேயே இருக்கும், மேடையில் பாட எந்தத் தடையும் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கு வேண்டும் என்று எழுதுங்கள். இனிமேல் எழுதப்போகும் பாட்டுகளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இருந்தாலும் அடிக்கச் சொல்லுங்கள். கணக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பாட்டிலிருந்து தனக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று அதைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மூன்று ஆண்டு கழித்து வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய வெற்றிக்கே அந்த நிலை என்றால், ஆறு பாட்டோடு தனியாக நிற்கும் உங்களுக்குக் கணக்கு எழுத்தில் இருந்தாக வேண்டும்.

கையெழுத்துக்கு முன் பதிப்புரிமை தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அதற்கு ஆகும் கட்டணம் வீண் செலவு இல்லை. பாட்டு எழுதிய நொடியே உரிமை உங்களுடையதுதான், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் இந்த ஆறையும் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். எழுத்துக்கும் இசைக்கும் ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகவும் சேருங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வானொலி, டிவி, ஸ்ட்ரீமிங், மேடை என்று பல இடங்களிலிருந்து வர வேண்டிய ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் சங்கம் அது. சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

சரி, கஃபேக்கு வருவோம். அங்கே பேச்சு சத்தம் கூடுவதை உங்கள் பாட்டின் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சினிமாப் பாட்டு அந்த மேஜைக்கு வரும் முன்பே பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், செல்போனில் என்று நூறு முறை கேட்கப்பட்டுவிட்டது. அவர்கள் கை தட்டுவது பாதி உங்கள் குரலுக்கு, பாதி தங்கள் ஞாபகத்துக்கு. உங்கள் பாட்டை அவர்கள் அன்றுதான் முதல் தடவை கேட்கிறார்கள், அதுவும் கையில் ஸ்பூனோடு. முதல் தடவையிலேயே பிடித்துப்போகும் பாட்டு யாருக்கும் அபூர்வமாகத்தான் அமையும்.

அதனால் பதினான்கையும் மாற்றி மாற்றிப் பாடாதீர்கள். நல்லதாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதத்துக்கு அந்த இரண்டையே பாடுங்கள், வாரம் தவறாமல். உரிமையாளர் இரவுக்கு ஒன்றுதான் என்கிறாரா? வெள்ளி ஒன்று, சனி ஒன்று. பெரிய ஹிட் பாட்டு முடிந்த கையோடு உங்கள் பாட்டைத் தொடங்க வேண்டாம், அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் எது வந்தாலும் இறக்கமாகத்தான் தெரியும். மெதுவான ஒரு பழைய பாட்டுக்குப் பிறகு வையுங்கள். தொடங்கும் முன், அது யாரைப் பற்றிய பாட்டு, எங்கே எழுதினீர்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் எழுதியது என்றால் அதையே சொல்லுங்கள். ஊர்ப்பெயர் கேட்டதும் நிமிர்ந்து பார்க்காத ஆள் கிடையாது. வாடிக்கையாக வருகிறவர்களில் நாலு பேர் ஒரு நாள் 'அந்தப் பாட்டு பாடுங்க' என்று கேட்பார்கள். அந்த நாலு பேரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

2,500 ரூபாய் குறைவு. இருந்தாலும் தொகையை விட நிபந்தனைகள்தான் முதலில் எழுத்தில் வர வேண்டும். எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை செட், நடுவில் எவ்வளவு இடைவெளி, மைக்கும் ஸ்பீக்கரும் யார் பொறுப்பு, பணம் அன்றைக்கேவா, நிகழ்ச்சி ரத்தானால் எவ்வளவு, இரவு வீடு திரும்ப வண்டி யார் செலவு. ஒரு வாட்ஸ்அப் செய்தியில் இவ்வளவையும் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கினால் போதும். பெண்கள் கடைசி விஷயத்தைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்க வேண்டும், அது சலுகை இல்லை. அப்புறம், காபி மெஷின் பக்கத்தில் உங்களை நிறுத்தியிருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். அந்த இரைச்சலை மீறிப் பாடினால் குரல் கெடும். பகலெல்லாம் ஆபீஸ் காலில் பேசிவிட்டு வருகிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். அந்த மூன்று மாதம் கழிந்ததும், முடிந்தால் வெள்ளி இரவை விட்டுவிட்டு, அதைப் பாட்டு எழுதும் நேரமாக்குங்கள். புதிய பாட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

இப்போது அந்த நாலு பேர். கஃபேயில் உங்களுக்கு வேலை இருக்கிறது, உங்கள் பாட்டுக்கு இடம் இல்லை. கேட்பதற்கென்றே வந்து உட்காரும் ஒரு முப்பது பேர்தான் அதற்கு வேண்டும். அந்த அறையை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி, ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கும் ஒரு டான்ஸ் கிளாஸ், புத்தகக் கடையின் பின்னறை, எதுவானாலும் சரி. மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிடுங்கள். கடைசி பஸ்ஸைப் பற்றி யாரும் கவலைப்படக் கூடாது. 200 ரூபாய் டிக்கெட், முப்பது பேர், 6,000 ரூபாய். நாற்காலி, ஸ்பீக்கர் வாடகை, டீச் செலவு போனால் கையில் நிற்பது கஃபே பணத்தை விடப் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் அன்று ஒன்றரை மணி நேரமும் உங்கள் பாட்டுதான். இலவசமாக வைக்காதீர்கள். டிக்கெட் வாங்கியவர்தான் நேரத்துக்கு வருவார்.

இப்படி ஆரம்பித்தவை பல. சோஃபார் சவுண்ட்ஸ் என்ற அமைப்பு 2009-ல் லண்டனில் ஒரு வீட்டு வரவேற்பறையில் தொடங்கியதுதான். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015 முதல் மீனவர் குடியிருப்புக்கு நடுவே விழா நடந்திருக்கிறது, கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். 2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடை ஏறியபோது, கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்த, எந்தப் படத்திலும் வராத பாட்டுக்குப் பெருங்கூட்டம் நின்று கேட்டது. உங்கள் ஊர்க்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதி படங்களுக்கு இசையமைக்கும் முன்பே, 2012-ல், தனி ஆல்பம் போட்டவர். கேட்க ஆள் இல்லை என்பது உண்மையில்லை. அவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கும் வேலையை யாராவது செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேலையை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். ஆன்லைன் வருமானத்தை நம்பி விடுவதாக இருந்தால் நிச்சயமாக வேண்டாம். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஓராண்டில் 1,000 முறையாவது கேட்கப்படவில்லை என்றால் அதற்கு ஒரு பைசாவும் இல்லை. யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். சினிமாப் பாட்டைப் பாடிப் போட்டால் பார்வை வரும், ஆனால் விளம்பரப் பணம் பெரும்பாலும் பாட்டின் உரிமையாளருக்குத்தான் போகும். அதனால் சொந்தப் பாட்டை மட்டும் உங்கள் சேனலில் போடுங்கள், மெதுவாகத்தான் வளரும், வளரட்டும். மேடை, டிக்கெட், ராயல்டி எல்லாம் சேர்ந்து ஓராண்டு முழுக்க உங்கள் வாடகையையும் சாப்பாட்டையும் தாங்கிய பிறகு இந்தக் கேள்வியை மறுபடி எடுங்கள். சம்பளம் வருகிறது என்பதால்தான் அந்தக் கம்பெனியிடம் 'இந்த வரியை மாற்றுங்கள்' என்று உங்களால் நிமிர்ந்து சொல்ல முடிகிறது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அம்மாவின் வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. பாட்டு என்றாலே சினிமா என்று மூன்று தலைமுறையாக நாம் பழகிவிட்டோம், அவரிடம் வேறு என்ன அளவுகோல் இருக்கும்? ஆனால் உங்கள் கொங்கு நாட்டில்தான் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடினார்கள், ஊரே உட்கார்ந்து அழுதுகொண்டு கேட்டது. அந்தப் பாட்டுக்காரர்கள் எந்தப் படத்திலும் பாடியவர்கள் இல்லை. அம்மாவோ பாட்டியோ அதைக் கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். உங்களிடம் சொல்ல அவர்களுக்கும் ஏதாவது இருக்கும், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். அம்மாவைக் கஃபேக்குக் கூட்டிப் போகாதீர்கள். மொட்டை மாடி நிகழ்ச்சிக்குக் கூட்டி வாருங்கள். முப்பது பேர் வாய் திறக்காமல் தன் மகளைக் கேட்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

நீங்கள் பாடகியா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கேட்காத கூட்டத்தின் முன்னாலும் வாரா வாரம் போய் நின்று பாடுகிறவரை வேறு என்ன சொல்லி அழைப்பது? ஓட்டலில் பாடுவது அதற்குக் குறைவே இல்லை, உங்கள் தொழிலின் ஒரு பகுதி அது.

மெயிலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்டால் நல்ல கம்பெனி கோபித்துக்கொள்ளாது. மாற்ற மாட்டோம் என்றால் விலகிவிடுங்கள், ஆறு பாட்டும் உங்களிடம்தான் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கிட்டாரும் குரலும் மட்டுமாக, கோவையிலேயே ஒரு சின்ன ஸ்டூடியோவில் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்யுங்கள். கஃபேயில் வாராவாரம் பாடுவதற்குத் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்றாக அது இருக்கட்டும். நிகழ்ச்சி நடக்கும் நாளும் இடமும் முடிவானதும் இந்தப் பத்திரிகை முகவரிக்கே எழுதுங்கள். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன்.