பிள்ளையின் குடலில் பாலிப்: மாத்திரை போதுமா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு எஃப்.ஏ.பி. என்ற பரம்பரை பாலிப் நோய். குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சதை மொட்டுகள் வளரும், விட்டால் புற்றுநோயாகலாம் என்றார்கள். பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். 12 வயது மகனுக்கும் இந்த நோயைத் தரும் ஏ.பி.சி. மரபணுக் கோளாறு வந்திருக்கிறது. குழாய் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் ஏழெட்டு பாலிப் தெரிந்தது. ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: அம்மா, பாலிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்டு. ஆனால் ஆபரேஷனே வேண்டாம் என்று ஆக்கிவிடும் மாத்திரை இன்றுவரை இல்லை. செலிகாக்ஸிப் என்பது ஒரு வலி மாத்திரை. பெரியவர்களுக்குத் தினம் இருவேளை 400 மி.கி. கொடுத்தபோது, ஆறு மாதத்தில் பாலிப் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், அதிக அளவு மருந்துக்கு 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 18 பேர்தான். மூன்று மாதக் கணக்கு அது. இந்த நோயோ ஆயுளுக்கும் கூட வருவது. இந்த நோய்க்காக 1999-இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்குக் கிடைத்த அனுமதியும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அதனால் மகனுக்கு ஆண்டுதோறும் கொலனோஸ்கோப்பிதான் முக்கியம். பாலிப் பெருகும் வேகத்தைப் பார்த்து, பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதின் தொடக்கத்திலோ ஆபரேஷன் செய்வார்கள். படிப்பைக் கெடுக்காமல் நாள் குறிக்கலாம்.

கேள்வி: பாலிப் வருமுன்பே மருந்தைத் தொடங்கினால்?

பதில்: நல்ல கேள்வி, எனக்கும் அந்த ஆசை இருந்தது. 8 முதல் 25 வயது வரை, மரபணுக் கோளாறு இருந்தும் பாலிப் இல்லாத 41 பேரிடம் சுலிண்டாக் என்ற இன்னொரு வலி மாத்திரையை நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கும் பாலிப் வந்தது. இத்தனை சிறிய குழுவில் அந்த வித்தியாசத்தை மருந்தின் பலன் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பெரியவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரினைப் பாதி கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சல் வரும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நான் வேறு குடும்பம், டாக்டர். 4 வயது மகளுக்கு மலத்தில் ரத்தம். ஒரே ஒரு பாலிப் எடுத்தார்கள். பரம்பரை நோயா?

பதில்: அந்த வயதில் ஒற்றைப் பாலிப் என்றால் அநேகமாக ஜுவனைல் பாலிப், அதாவது சிறு பிள்ளைகளுக்கு வரும் சாதாரண வகை; எடுத்தால் முடிந்தது. எடுத்த பாலிப்பைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் இருந்தாலோ குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தாலோ மரபணுச் சோதனை தேவை.

கேள்வி: முதலில் கேட்ட அம்மாதான். மகளுக்கு 8 வயது. அவளுக்கும் வருமா?

பதில்: வாய்ப்பு பாதிக்குப் பாதி. 10 வயதை ஒட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உள்ள அதே கோளாறு அவளுக்கு இல்லை என்று வந்தால், கொலனோஸ்கோப்பியே வேண்டாம்.