கடலோர வீட்டுக் கழிவுநீர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உறை இறக்கிய 10 அடி செப்டிக் டேங்க். கார்த்திகையில் ஒரு அடி தோண்டினாலே தண்ணீர் வருகிறது. அந்த மாதங்களில் கழிவறையில் தண்ணீர் இறங்குவதில்லை. லாரி வைத்து எடுத்தாலும் ஒரே வாரத்தில் நிரம்பிவிடுகிறது. (வேதாரண்யம் வட்டார வாசகர்)

பதில்: அது செப்டிக் டேங்க் அல்ல, அடி திறந்த உறைகிணறு. லாரி உறிஞ்சுவது பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான். ஊற்று உடனே பழைய மட்டத்துக்கு ஏறிவிடுகிறது, கூலி வீண். அந்த நிலத்தடி நீரோடு மலக்கிருமிகளும் குடிநீர்க் கிணற்றை நோக்கி நகரும்.

அடியில் கான்கிரீட் போட்டு, சுவரின் இருபுறமும் பூசிய கசியாத தொட்டி கட்டுங்கள். ஐந்து பேருக்கு உள்ளளவு நீளம் 5 அடி, அகலம் இரண்டரை அடி, நீர் ஆழம் மூன்றேகால் அடி, மேலே ஒரு அடி காலியிடம். நீர் உள்ளே வரும் பக்கத்திலிருந்து நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு தடுப்புச் சுவர். வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிட 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். இரண்டிலும் 'டீ' (ஆங்கில T வடிவக் குழாய் இணைப்பு) மாட்டி, அதன் கால் நீருக்குள் ஒரு அடி இறங்க வேண்டும். கொத்தனார்கள் விட்டுவிடுவது இந்த டீயைத்தான். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஏடு நேராக வெளிக்குழாயில் போய் அடைக்கும்.

வெளிவரும் நீருக்குக் குழி வேண்டாம், மேடு வேண்டும். மேட்டின் ஜல்லிப் படுகைக்கும் கார்த்திகை நீர்மட்டத்துக்கும் நடுவே 2 அடி பெருமணல் இருக்க வேண்டும். அதன்மேல் முக்கால் அடி ஜல்லி, அதற்குள் துளையிட்ட 4 அங்குலக் குழாய், மேலே சாக்கு விரித்து மண், புல். கழிவறை நீர் மட்டும் என்றால் 60 சதுர அடி போதும். குளியல் நீரையும் விட்டால் இருமடங்கும் போதாது. கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளியிருக்கட்டும். இவ்வளவும் சரிவிலேயே ஓட, கழிவறைத் தளம் தரைக்கு மேல் 3 அடிக்குக் குறையாமல் உயர வேண்டும். நாலைந்து படி ஏறும் சிரமம் உண்டு, வேறு வழியில்லை. சிமென்ட் கலவைக்கு உப்புக் கிணற்று நீரைத் தொடாதீர்கள். மூடிப் பலகையின் கம்பி சீக்கிரம் துருவேறும்.

கேள்வி: புதைத்த 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, சுத்தம் செய்த மறுநாள் மேலே கிளம்பி, குழாய் முறிந்துவிட்டது. ஏன்?

பதில்: காலித் தொட்டி நீரில் முழுக மூழ்கினால் அதை மேலே தள்ளும் விசை சுமார் 1000 கிலோ. நிறுத்தி வைக்க முக்கால் கன மீட்டர் கான்கிரீட்டாவது அடியிலும் சுற்றிலும் கோத்திருக்க வேண்டும். நீருக்குள் கான்கிரீட்டின் எடையும் குறையும் என்பதைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சுத்தம் செய்வதைப் பங்குனி, சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த உடனே பாதியாவது நீர் நிரப்புங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரே மூச்சில் மயக்கும், மனிதரை இறக்கிக் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

கேள்வி: மீன் கழுவிய நீர் தெருவில் நாறுகிறது. கல்வாழைப் படுகை (கல்வாழை நட்டு, கழிவுநீரைச் சுத்தமாக்கும் ஜல்லிப் படுகை) அமைக்கலாமா?

பதில்: அமைக்கலாம். 2 அடி ஆழம், கசியாத அடி, சுண்டுவிரல் பருமன் ஜல்லி. நீர் ஜல்லி மட்டத்துக்கு 2 அங்குலம் கீழேயே நிற்கும்படி வெளிக்குழாயை வையுங்கள், கொசு முட்டையிடாது. செதிலும் குடலும் உள்ளே போனால் முதல் ஒரு மீட்டர் ஜல்லி மழைக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். அதனால் முன்னால் ஒரு வலைக்கூடை, ஒரு எண்ணெய்த் தடுப்புத் தொட்டி. கூடையைத் தினமும் கொட்டிப் புதைக்க வேண்டும். மீனை உப்பில் ஊறவைத்த நீரை மட்டும் இதில் விடாதீர்கள், கல்வாழை கருகிவிடும்.

கேள்வி: ஈஸ்ட், வெல்லம் போட்டால் தொட்டி நன்றாக வேலை செய்யுமா?

பதில்: தேவையில்லை. ஆசிட் ஊற்றுவதை நிறுத்தினாலே போதும்.