நடுச்சாமத்தில் மலையேற்றமா? அனுமதிச் சீட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் நான், மனைவி, தம்பி, அம்மா (வயது 61, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்) நால்வரும் கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க ஆசைப்படுகிறோம். குரங்கணியிலிருந்து இரவு 1 மணிக்கு நடந்து ஏறலாம், 'பர்மிஷன் எல்லாம் எங்க பொறுப்பு' என்கிறார் ஒரு ஏஜென்ட். தலைக்கு 2,800 ரூபாய், பாதி முன்பணம். நம்பிப் போகலாமா? - மதுரை வாசகர்

பதில்: போகாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

போடிக்கு அருகே, கொழுக்குமலைக்குக் கீழே இருக்கும் குரங்கணிச் சரிவு வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் காடு. 2018 மார்ச் 11 அன்று அங்கே காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்ததே அதற்குப் பிறகுதான். இப்போது அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியுடன், குறித்த பாதையில், பகலில் மட்டும் போகலாம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று வழக்கமாக அதையும் மூடிவிடுவார்கள். இரவு 1 மணிக்கு ஏற இதில் இடமே இல்லை. அப்படியிருக்க உங்கள் ஏஜென்ட் எந்தப் பர்மிஷனைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்?

இவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்று வேலைகள். வேறொரு பாதைக்கு வாங்கிய சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அல்லது வெறும் நுழைவுக் கட்டண ரசீதை மலையேற்ற அனுமதி என்பார்கள். இரண்டும் இல்லையென்றால் 'ரேஞ்சர் நம்ம ஆளுதான் சார்'. பணம் கொடுப்பதற்கு முன் சீட்டைக் கேளுங்கள். அதில் தேதி, பாதையின் பெயர், உங்கள் நால்வர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வெறும் காகிதம். காட்டுக்குள் பிடிபட்டால் வழக்கு உங்கள்மேல்தான். ஏஜென்ட் அதற்குள் கம்பி நீட்டியிருப்பார். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அடிவாரத்தில் தமிழில் பெரிதாக ஒரு பலகை வைத்தாலே இந்தப் பிழைப்பு பாதி படுத்துவிடும். அதற்குக்கூட யாருக்கும் நேரமில்லை.

சரி, 'தினமும் நூறு பேர் மேலே நிற்கிறார்களே' என்று ஏஜென்ட் கேட்பார். நிற்கிறார்கள், உண்மைதான். குழப்பமே இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கொழுக்குமலை உச்சி தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது, அங்கே இருப்பது தனியார் தேயிலைத் தோட்டம். ஆனால் வண்டிப்பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து மட்டும்தான் வருகிறது. தமிழ்நாட்டு மண்ணில் நின்று உதயம் பார்க்கக் கேரளா சுற்றித்தான் போக வேண்டும்! மேலே நிற்கும் கூட்டம் அப்படி ஜீப்பில் வந்த கூட்டம், குரங்கணிக் காட்டு வழியே நடந்து வந்ததல்ல. ஜீப்பில் போவதற்கு மலையேற்ற அனுமதி தேவையில்லை, தோட்டத்து நுழைவுச் சீட்டு போதும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு குரங்கணிப் பக்கம் நடந்து இறங்கக் கூடாது. இறங்கத் தொடங்கினால் மறுபடி வனச்சட்டம்தான்.

ஆகவே உங்களுக்கு ஜீப்தான் வழி. அம்மாவை வைத்துக்கொண்டு ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஏற்றத்தை இருட்டில் ஏறுவதை நினைத்தே பார்க்காதீர்கள். பழகிய கால்களுக்கே மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறினால் அதிகம்.

முந்தின நாள் காலையிலேயே மதுரையிலிருந்து கிளம்புங்கள். தேனி, போடி தாண்டி போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சத்தில் ஏறிவிட வேண்டும். பூப்பாறைக்கு அப்பால் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுமுன் சூரியநெல்லியில் விடுதிக்குள் இருங்கள். சொந்தக் கார் மேலே ஏறாது. உள்ளூர் ஜீப்புக்கு வாடகை வண்டிக்கு இவ்வளவு என்றுதான், ஆறு பேர் வரை ஏறலாம். தலைக்கு இவ்வளவு என்று யாராவது கணக்குச் சொன்னால் நடுவில் ஒரு தரகர் இருக்கிறார் என்று அர்த்தம்.

ஜனவரி நடுவில் உதயம் சுமார் 6.35 மணி. மதுரையைவிட மேற்கே இருப்பதால் தாமதமாகும் நாலைந்து நிமிடத்தை உயரம் ஈடுகட்டிவிடும், எனவே நாட்காட்டியில் போட்டிருக்கும் மதுரை நேரமே ஏறக்குறையப் பொருந்தும். வானம் அதற்கு 40 நிமிடம் முன்பே நிறம் மாறத் தொடங்கும். பாதி அழகு அப்போதுதான். 5.45-க்குள் மேலே நிற்க ஜீப் 4.15-க்குப் புறப்பட வேண்டும். ஒன்றரை மணி நேரக் குலுக்கல் அது. அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் முன் இருக்கை கேளுங்கள், முதுகெலும்புத் தட்டு (டிஸ்க்) விலகியிருந்தால் கூட்டிப்போகவே வேண்டாம்.

ஊருக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறதே என்பீர்கள். அது தொல்லியல் துறைச் சின்னம். விதிப்படி சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் திறப்பு. உதயம் பார்க்க வருபவனை உதித்த பிறகு வா என்கிற விதி! வெளிச்சம் வரும்வரை கீழே குளத்தடியில் உட்கார்ந்திருந்து பிறகு ஏறுங்கள், பனி ஈரத்தில் பாறை வழுக்கும். மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் புகையோ சத்தமோ கூடாது, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அம்மா விஷயத்தில் ஒன்று. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஜீப்பில் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அன்று எப்போது மாத்திரை, எப்போது சாப்பாடு என்று போவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொட்டலத்தையும் இரண்டு வாழைப்பழத்தையும் ஜீப்பின் பின்னால் கட்டும் பையில் போடாதீர்கள், அம்மா மடியில் இருக்கட்டும். கையுறையும் காதை மூடும் குல்லாவும் அப்படியே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளிர் அங்கே மதுரை மார்கழி மாதிரி இருக்காது.