401கே ரோலோவர் பண்ணோம், இப்ப டாக்ஸ் கட்டச் சொல்லுதே?

கேள்வி: டல்லாஸ்ல இருக்கோம் சார், ரெண்டு பேருக்கும் வயசு 40-க்கு கீழ தான். 2025-ல நானும் மனைவியும் வேலை மாறினோம். என் பழைய 401கே-ல (கம்பெனி மூலமா சேர்க்கிற ஓய்வுக்கால கணக்கு) இருந்த 42,000 டாலர் நேரா ஐஆர்ஏ-வுக்கு (நாமளே வச்சிக்கிற ஓய்வுக்கால கணக்கு) போயிடுச்சு. மனைவிக்கு 20,000, ஆனா செக்கா வந்தது 16,000 தான், நவம்பர் 10 கைக்கு வந்துச்சு, டிசம்பர் 20 அத அப்படியே அவங்க ஐஆர்ஏ-வுல போட்டாச்சு. இப்ப ரெண்டு 1099-ஆர் (ஓய்வுக்கால கணக்குல இருந்து வெளிய வந்த பணத்த காட்டுற ஃபார்ம்) வந்திருக்கு, சாஃப்ட்வேர்ல ஏத்தினதும் வர வேண்டிய ரீஃபண்ட் போய் நாங்க கட்டணும்னு காட்டுது. நாங்க தான் ஒரு பைசா செலவு பண்ணலயே, இத காட்டாம விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்க, அது தான் வம்பு. உங்களுக்கு வந்த 1099-ஆர் காப்பி ஐஆர்எஸ்-க்கும் (அமெரிக்க வரித்துறை) போயிருக்கு, அங்க 62,000 வெளிய வந்ததா இருந்து உங்க ரிட்டர்ன்ல ஒண்ணுமே இல்லன்னா கொஞ்ச மாசம் கழிச்சு சிபி2000-னு ஒரு நோட்டீஸ் வரலாம், மனைவியோட 20,000 முழுசுக்கும் டாக்ஸ், வட்டி எல்லாம் போட்டு. அப்புறம் நீங்க தான் பேப்பர தேடி எடுத்து இது ரோலோவர், அதாவது ஒரு ஓய்வுக்கால கணக்குல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தினதுன்னு நிரூபிக்கணும். டாக்ஸ் இல்லாத பணமா இருந்தாலும் காட்டித் தான் ஆகணும்.

உங்க ஃபார்ம் சுலபம். 1-ம் பெட்டில 42,000, 2ஏ-ல 0, 7-ம் பெட்டில ஜி-ன்னு இருக்கும், ஜி-ன்னா டைரக்ட் ரோலோவர். 1040-ல, அதாவது உங்க வரி ரிட்டர்ன் ஃபார்ம்ல, 5ஏ வரில முழு தொகை, 5பி-ல 0, பக்கத்துல ரோலோவர்னு குறிப்பு, அவ்ளோ தான், சாஃப்ட்வேரே போட்டுடும். இங்க நிறைய பேர் தப்பு பண்றது எதுலன்னா, பணம் ஐஆர்ஏ-வுக்கு தானே போச்சுன்னு 4ஏ-ல கொண்டு போய் போடுறது. போன இடத்த பாக்காதீங்க, கிளம்புன இடத்த பாருங்க. 401கே-ல இருந்து கிளம்பினா 5, ஐஆர்ஏ-ல இருந்து கிளம்பினா 4. இன்னொரு விஷயம், ஜி கோட் இருந்தாலே டாக்ஸ் இல்லன்னு நினைக்காதீங்க, சாதா 401கே-ல இருந்து ராத் ஐஆர்ஏ-வுக்கு (டாக்ஸ் கட்டின பணம் போற ஐஆர்ஏ) மாத்தினாலும் ஜி தான் வரும், ஆனா அப்ப 2ஏ-ல தொகை இருக்கும், அதுக்கு டாக்ஸ் உண்டு.

ரீஃபண்ட் விழுந்தது உங்களால இல்ல, உங்க மனைவியோட ஃபார்மால தான். அதுல 1-ம் பெட்டி 20,000, 2ஏ-வும் 20,000, 4-ம் பெட்டில பிடிச்ச டாக்ஸ் 4,000, கோட் 1-ன்னு இருக்கும். அவங்க பேருக்கே பணம் கொடுத்ததால சட்டப்படி 20% பிடிச்சே ஆகணும், அப்புறம் அவங்க அத ஐஆர்ஏ-வுல போட்டாங்களா நகை வாங்கினாங்களான்னு பழைய பிளானுக்கு தெரியாது, அதனால முழுசும் வருமானம்னு எழுதி அனுப்பிட்டாங்க. மீதி கதைய நீங்க தான் சொல்லணும். சாஃப்ட்வேர்ல 1099-ஆர் ஏத்தினதுக்கு அப்புறம் இந்த பணத்த என்ன பண்ணீங்கன்னு கேக்கும், அவசரத்துல அத தாண்டிப் போயிடாதீங்க, அங்க 60 நாளுக்குள்ள 16,000 ரோலோவர் பண்ணோம்னு கொடுங்க. போன ரீஃபண்ட் திரும்பி வரும், பிடிச்ச 4,000-லயும் பாதிக்கு மேல சேர்ந்து வரும்.

அந்த 4,000 ஏன் முழுசா வராதுன்னா அது ஐஆர்ஏ-வுக்கு போகல. வெளிய வந்தது 20,000, உள்ள போனது 16,000, மீதி 4,000 எடுத்து செலவழிச்ச கணக்கு தான், அது ஐஆர்எஸ் கையில இருந்தாலும் சரி. அதுக்கு சாதா டாக்ஸ், மேல 59½ வயசு ஆகாததால 10% அபராதம் 400. நீங்க 22% ஸ்லாப்ல இருந்தா 880-ம் 400-ம் சேர்த்து 1,280. பிடிச்ச 4,000 டாக்ஸ் 1040-ல 25பி வரில கிரெடிட்டா வரும், அதனால மீதி 2,720 உங்க பக்கம் தான். ஜாயின்ட் ரிட்டர்ன்ல கடைசியா 5ஏ 62,000, 5பி 4,000-னு நிக்கணும், அப்படி நின்னா சரியா போட்டிருக்கீங்க.

சேவிங்ஸ்ல இருந்து ஒரு 4,000 எடுத்து ஜனவரி 9-க்குள்ள, அதான் 60-ஆவது நாள், அதே ஐஆர்ஏ-வுல போட்டிருந்தா இந்த 1,280-ம் இல்ல, பிடிச்ச 4,000-ம் முழுசா கிரெடிட்டா வந்திருக்கும். ஜனவரில போட்டிருந்தாலும் 2025 ரிட்டர்ன்ல தான் காட்டுவோம். இப்ப நாள் தாண்டிடுச்சு. செக் தொலைஞ்சு போச்சு, கடுமையான நோய், வீட்ல சாவு, பேங்க் பண்ண தப்பு, இந்த மாதிரி காரணம் இருந்தா லெட்டர் எழுதி கொடுத்து லேட்டா போடலாம், ரூல் தெரியலன்னு சொன்னா எடுபடாது. அடுத்த தடவை செக்க புது ஐஆர்ஏ கம்பெனி பேர்ல வாங்குங்க, உங்க வீட்டுக்கே தபால்ல வந்தாலும் அது டைரக்ட் தான், 20% பிடிக்க மாட்டாங்க.

அந்த 16,000-ம் 42,000-மும் ஐஆர்ஏ சைட்ல ரோலோவர்னு விழுந்திருக்கா, கான்ட்ரிபியூஷன்னு விழுந்திருக்கான்னு இன்னைக்கே பாருங்க. கான்ட்ரிபியூஷனா இருந்தா 2025 லிமிட் 7,000 தாண்டினதுக்கு வருஷா வருஷம் 6% கேப்பாங்க, போன் பண்ணி திருத்தச் சொல்லுங்க. ரிட்டர்ன்லயும் ஐஆர்ஏ கான்ட்ரிபியூஷன் பக்கத்துல இத ஏத்தாதீங்க. ஐஆர்ஏ-வுல போட்ட பணத்த காட்டுற 5498-னு ஒரு ஃபார்ம் மே கடைசில தான் வரும், அதுக்காக காத்திருந்து ஏப்ரல் 15 கெடுவ தாண்டிடாதீங்க, ஐஆர்ஏ ஸ்டேட்மென்ட் போதும்.

பேக்டோர் ராத் (சாதா ஐஆர்ஏ-வுல டாக்ஸ் கட்டின பணத்த போட்டு ராத்துக்கு மாத்துறது) பண்ற பழக்கம் இருந்தா மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐஆர்ஏ-வுல 42,000 உக்காந்திருக்கும்போது டாக்ஸ் கட்டின 7,000 போட்டு ராத்துக்கு மாத்தினா, இதுக்கான 8606 ஃபார்ம் கணக்குல 49,000-ல 7,000, அதாவது ஏழுல ஒரு பங்கு தான் டாக்ஸ் இல்லாம போகும், 6,000-க்கு டாக்ஸ் கட்டணும். புது கம்பெனி 401கே ஏத்துக்கிட்டா அந்த 42,000-ஐ டிசம்பர் 31-க்குள்ள அங்க தள்ளிடுங்க. அதுக்கும் ஒரு 1099-ஆர் வரும், அது ஐஆர்ஏ-ல இருந்து கிளம்புறதால 4ஏ.