கப்பி மீன் ஏன் சாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், மகன் பிடிவாதம் பிடித்ததால் ஒரு கண்ணாடிக் குடுவையும் 10 கப்பி மீனும் வாங்கினோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுசாகக் கொட்டி, கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவி, புதிதாகக் கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். இவ்வளவு சுத்தமாக வைத்தும் இப்போது ஒன்றுதான் மிச்சம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, மதுரை

பதில்: கடைக்காரரை விடுங்கள், அம்மா. உங்கள் சுத்தம்தான் மீன்களைக் கொன்றிருக்கிறது.

மீன் சாப்பிடுவது, கழிவது, மூச்சுவிடுவது எல்லாம் ஒரே தண்ணீரில். அதன் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வருகிறது, அது விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும் (அதுவும் விஷம்தான்) பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கென்றே சில பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை பெரும்பாலும் கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும், போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி அனுப்பியது அவற்றைத்தான். குடுவையில் 10 மீன் என்றால் அந்த இரண்டு நாளுக்குள்ளேயே அம்மோனியா ஏறிவிடும், அப்புறம் திடீரென்று வேறு சூட்டில், வேறு தன்மையில் புதுத் தண்ணீர். எந்த மீன் தாங்கும்?

அடுத்தது கேன் தண்ணீர். ஆர்.ஓ. செய்யும்போது தாது உப்புகளில் பெரும்பகுதி போய்விடுகிறது, கப்பிக்கோ அந்த உப்புகள் வேண்டும். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7 முதல் 8 வரை உள்ள, கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முடி கொட்டுகிறது என்று நாம் திட்டித் தீர்க்கிற போர் தண்ணீரில் அது பெரும்பாலும் ஜம்மென்று இருக்கும்! கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் அதில் கலந்திருக்கும் குளோரின் போக வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சில சொட்டு விடுங்கள்.

குடுவையைத் தூக்கி வைத்துவிட்டு 30, 40 லிட்டர் தொட்டி ஒன்று வாங்குங்கள், கூடவே காற்று மோட்டாரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும். மிச்சமிருக்கும் அந்த ஒற்றை மீனோடு ஒன்றிரண்டு மட்டும் சேர்த்து ஒரு மாதம் ஓட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும். தொட்டி புதிது என்பதால் முதல் மாதம் மட்டும் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்துவிடுங்கள்.

கேள்வி: எப்போது பக்கத்தில் போனாலும் பசியோடு மேலே வந்து நிற்கின்றன. எத்தனை வேளை உணவு போடுவது?
– வாசகர், சென்னை

பதில்: அது பசி இல்லை, உங்களைக் கண்டால் சாப்பாடு வரும் என்று பழகிவிட்டது. காலையும் மாலையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. மிஞ்சுகிற தீனி அழுகி மறுபடி அம்மோனியாதான். குருணை பெரிதாக இருந்தால் விரலால் நசுக்கிப் போடுங்கள், கப்பியின் வாய் சின்னது. ஆனால் யாருமே பக்கத்தில் இல்லாதபோதும் மேலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அது மூச்சுத் திணறல், அன்றைக்குத் தீனி போடாமல் உடனே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி: ஆண் மீன் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பெண் மீன் மறுபடி குட்டி போட்டிருக்கிறது! குட்டிகளைத் தாயே தின்கிறதே?
– கல்லூரி மாணவி, திருப்பூர்

பதில்: அதிசயம் இல்லை. ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும், சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு ஈடு வரும். தின்பதும் அதன் சுபாவம், தாய்ப்பாசமெல்லாம் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஜாவா பாசியை (மீன் தொட்டியில் வளர்க்கும் ஒரு செடி) அடர்த்தியாகப் போட்டுவிடுங்கள், குட்டிகள் உள்ளே ஒளிந்து பிழைக்கும். குட்டி போடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் தாயை நாள்கணக்கில் அடைப்பதை நான் சொல்லவே மாட்டேன், பயத்திலேயே சுருண்டுவிடும். மறுபடி ஆண் வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு, மூன்று பெண் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரே பெண்ணை ஓயாமல் துரத்தும்.

கேள்வி: உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. இங்கே ராத்திரியில் குளிர் அதிகம்.
– வாசகர், ஊட்டி

பதில்: வெண்புள்ளி நோய், ஒட்டுண்ணியால் வருவது. குளிரில் மீன் சோர்ந்துபோகும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊருக்கு ஹீட்டர் இல்லாமல் கப்பி சரிப்படாது. 24 டிகிரிக்குக் கீழே போகாமல் வைத்து, இப்போதைக்கு மெல்ல 28 வரை ஏற்றுங்கள். கடையில் தரும் வெண்புள்ளி மருந்தைப் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மீனின் தோலுக்குள் இருக்கும்போது அந்தக் கிருமியை மருந்து தொடாது, உதிர்ந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அதனால் சீட்டில் போட்டிருக்கிற நாள்வரை விட வேண்டும்.

கேள்வி: குட்டிகள் பெருகித் தொட்டி நிரம்பிவிட்டது. ஊர்க் குளத்தில் விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். கப்பி தென் அமெரிக்காவின் வடகரையிலிருந்தும் டிரினிடாட் தீவிலிருந்தும் வந்த மீன், நம் ஊர்க் குளங்களில் எளிதாகப் பெருகி, நம் ஊர்ச் சின்ன மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கடையில் கொடுத்துத் தீனி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் பிரித்துவிடுங்கள்.