‘எனக்கு சுகரெல்லாம் இல்லை’ என்று சாதிக்கும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். முகாமில் பார்த்தபோது சுகர் 280. ‘மெஷின் தப்பு, அன்னைக்குப் பரோட்டா சாப்பிட்டேன்’ என்கிறார். வற்புறுத்தினால், ‘உனக்குத்தான் சீக்கு’ என்று கத்துகிறார். பாதத்தில் மூன்று வாரமாக ஒரு புண் ஆறவில்லை. என்ன செய்ய? – வாசகி, கம்பம்.

பதில்: சகோதரி, முதலில் புண். இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. ‘வலிக்கவே இல்லையே’ என்று அவர் சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். சுகர் நாள்பட்டால் பாத நரம்புகள் மரத்துப்போகும், வலி தெரியாது. சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ கருமையோ தெரிந்தாலோ அன்றைக்கே தேனி பக்கத்திலுள்ள க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

உங்களை ஏமாற்ற வேண்டும் என்று அவர் இப்படிப் பேசவில்லை. தாங்க முடியாத செய்தி வந்தால் மனம் தானாகவே அரண் கட்டிக்கொள்ளும். மனப்பகுப்பாய்வாளர் ஆன்னா ஃப்ராய்டு 1936லேயே இந்த அரண்களை வகை பிரித்து எழுதினார். ‘மெஷின் தப்பு’ என்பது மறுப்பு. பரோட்டா, நியாயம் கற்பித்தல். ‘உனக்குத்தான் சீக்கு’ என்பது தன் பயத்தை அடுத்தவர்மேல் ஏற்றுவது. ஒன்றை உடைத்தால் இன்னொன்றுக்குள் போய் நிற்பார். ரிப்போர்ட்டை நீட்டி வாதாடும்போதெல்லாம் சத்தம் கூடுவது இதனால்தான். பிள்ளைகள் முன்னால் பேசினால் இன்னும் இறுகிப்போவார்.

அவருடைய பயம் அநேகமாக ஜீப்பைப் பற்றியது. சுகர் என்றாகிவிட்டால் மலையில் வண்டி ஓட்ட முடியாது, பிழைப்பு போய்விடும் என்று நினைக்கலாம். கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் மலைப்பாதையில் ஓட்டுபவர் என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் சுகரைத் திடீரென்று இறக்கிவிடும்.

மலையிலிருந்து இறங்கி, பசியும் அலுப்புமாக வரும் நேரத்தில் பேச்சை எடுக்காதீர்கள். லீவு நாளில், சாப்பிட்ட பிறகு, தனியாக இருக்கும்போது, ‘எனக்குப் பயமா இருக்குங்க, புண்ணுக்கு மருந்து கட்டிட்டு வந்துருவோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். புண்ணை அவர் மறுக்கவில்லையே, அந்த வழியாகத்தான் போக முடியும். அங்கே ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுவதால் ஒரு நாள் பரோட்டாவைக் காரணம் சொல்ல முடியாது. 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு.

அவருக்குத் தெரியாமல் டீயில் சர்க்கரையைக் குறைக்காதீர்கள். கண்டுபிடித்தால் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். உங்கள் பேச்சு எடுபடவில்லையென்றால், ஸ்டாண்டில் சுகருக்கு மாத்திரை போட்டுக்கொண்டே வண்டி ஓட்டும் ஒரு டிரைவர் அண்ணன் கட்டாயம் இருப்பார். அவரைப் பேசச் சொல்லுங்கள்.